கடற்கரையைத் தோண்டும் முன் காயலாங்கடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் அருமண் தனிமங்களை, அதாவது பலமான காந்தம் செய்ய வேண்டிய நியோடிமியம் மாதிரியான உலோகங்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை ரெண்டு தடவை படித்தேன். சீனா காந்தம் தர யோசிக்கிறது, மின்சார வண்டி செய்பவர்கள் கையைப் பிசைகிறார்கள், அந்தக் காந்தத்துக்கான மூலப்பொருள் நம் தென்கடலோர மணலிலேயே கிடக்கிறது, ஊர்க்காரர்கள் தோண்ட விட மாட்டேன் என்கிறார்கள், அதனால் நாட்டுக்கு நஷ்டம் என்று போகிறது கட்டுரை. நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பத்தொன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். என் அம்மா பிறந்தது ராதாபுரம் தாலுகாவில், உவரிக்குப் பக்கத்தில். அந்த மணலும் எனக்குத் தெரியும், அந்தக் காந்தமும் தெரியும், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கட்டுரை கடற்கரையைப் பார்த்தது, காற்றாலையைப் பார்த்தது, கார் மோட்டாரைப் பார்த்தது. நம் வீடுகளிலும் கடைகளிலும் செத்துக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டது. நீங்கள் தேடுகிற அதே பொருள் அதற்குள் இருக்கிறது ஐயா, தோண்டி, பிரித்து, உருக்கி, முலாம் பூசி, எல்லா வேலையும் முடிந்த நிலையில்.

செத்த டிஸ்க் ஒன்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மேல்மூடியில் ஆறேழு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருக்கும், அதில் ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும், அதைக் கழற்றாமல் நெம்பினால் மூடி வளையுமே தவிர வராது. திறந்தால் உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வட்டத் தட்டு, அதன் மேல் கொக்கு மூக்கு போல நீண்ட ஒரு கை, அந்தக் கையின் பின்பக்கம் நெல்லிக்காய் அகலத்தில் ஒரு செம்புக் கம்பிச் சுருள். சுருளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிறை வடிவத்தில் ரெண்டு காந்தம், கனத்த இரும்புத் தகட்டில் ஒட்டியிருக்கும், மேலே வெள்ளி மாதிரி நிக்கல் பூச்சு. ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ரெண்டு காந்தத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் நகம் கறுத்துவிடும், என் கடைப் பையன் ஒருவனுக்கு மாட்டி மூணு நாள் வேலைக்கு வரவில்லை.

அந்தச் சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தம் அதைத் தள்ளுகிறது, ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு அதிர்வது எப்படியோ அதே மாதிரி, அதனால்தான் இதற்கு வாய்ஸ் காயில் என்றே பெயர். மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, திசையை மாற்றி, நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற தட்டின் மேல் அந்தக் கையை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. கை முனையில் இருக்கிற தலை தட்டைத் தொடாமல் மிதக்கிற உயரம் ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு கையை அசைத்து நிறுத்த வேண்டுமென்றால், தீப்பெட்டிக்குள் அடங்குகிற இடத்தில் மகா பலமான காந்தம் வேண்டும். பழைய ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்குமே கறுப்பு வட்டக் காந்தம், அந்த வகையில் இதே பலம் வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் லேப்டாப் எங்கே, சிசிடிவி கேமரா படத்தைப் பதிகிற டி.வி.ஆர் பெட்டி எங்கே. தட்டைச் சுழற்றுகிற மோட்டாரிலும் ஒரு சின்ன வளையக் காந்தம் உண்டு, அது இதே பொருளின் பொடியைப் பிசினில் குழைத்துச் செய்தது.

நிறையப் பேர் கடைக்கு வந்து, ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் காந்தம் வைத்தால் எல்லாம் அழிந்துவிடுமாமே என்று கேட்பார்கள். நாம் கையில் வைத்திருக்கிற எந்தக் காந்தத்தையும்விடப் பலமானது டிஸ்க்குக்கு உள்ளேயே, தட்டுக்கு விரல்கடை தூரத்தில், வருஷக்கணக்கில் இருக்கிறது. பின்னால் உள்ள இரும்புத் தகடு காந்தப் புலத்தை வெளியே சிதற விடாமல் வளைத்துப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் பக்கத்தில் இருக்கிற தட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை.

சரி, அந்தக் காந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். ரெண்டு பங்கு நியோடிமியம், பதினாலு பங்கு இரும்பு, ஒரு பங்கு போரான் என்பது அணுக்கணக்கு. எடைக் கணக்கில் பார்த்தால் கால் பங்குக்கு மேல் அருமண், நியோடிமியமும் அதன் கூடப்பிறந்தது மாதிரியான பிரசியோடிமியமும். இரும்புதான் இழுக்கிறது, ஆனால் இரும்பின் காந்தம் திசை மாறிக் கலைந்து போகாமல் ஒரே பக்கம் பார்த்து நிற்க வைப்பது நியோடிமியம். இந்தக் காந்தம் பிறந்த கதையே ஒரு தட்டுப்பாட்டில் பிறந்த கதை. அதற்கு முன்னால் பலமான காந்தம் என்றால் சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்தது. 1978-ல் ஆப்பிரிக்காவில் கோபால்ட் வெட்டுகிற இடத்தில் சண்டை மூண்டு விலை ஏறியதும், கோபால்ட் இல்லாமல் முடியுமா என்று பலரும் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானில் சுமிட்டோமோவில் மசாட்டோ சகாவா, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட், ரெண்டு பேரும் 1980-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தனித்தனியாக நியோடிமியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் ரெண்டு அடி விட்டத்தில் 50 தட்டு, எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துதான் பிடிக்கும். இன்றைக்குச் சட்டைப்பையில் போகிற டிஸ்க்கில் ஊரே அடங்குகிறது என்றால் அதற்குக் காரணம் பல, அதில் இந்தக் காந்தமும் ஒன்று.

இனி மணலுக்கு வருகிறேன். நியோடிமியம் பெயருக்குத்தான் அரியது, பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்காது, சேர்ந்து கிடந்தாலும் கூடப்பிறந்த பதினாலு பதினஞ்சு தனிமங்களோடு பின்னிக்கொண்டிருக்கும், பிரிப்பதுதான் பாடு. நம் பக்கம் அது மோனசைட் என்கிற தேன்நிற மணியில் இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷாம்பெர்க் என்கிற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் தேடி வந்தார். அப்போது அவர்களுக்கு வேண்டியது நியோடிமியம் இல்லை, மோனசைட்டில் கூடவே இருக்கிற தோரியம். கேஸ் விளக்கு மாண்டிலுக்கு அது வேண்டும். நம் அம்மன் கோவில் கொடைகளில் தலையில் தூக்கிக்கொண்டு வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைப்பையும் அந்த வகைதான். அந்த மாண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியாக்காரர் ஆவர் வான் வெல்ஸ்பாக்தான் 1885-ல் நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் முதன்முதலில் தனியாகப் பிரித்தவர். விளக்கும் காந்தமும் ஒரே ஆளிடம், ஒரே மணலில் வந்து சேர்கின்றன. இன்று மணவாளக்குறிச்சியில் மணல் பிரிப்பது 1950-ல் தொடங்கிய மத்திய அரசின் நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.

ரெண்டு வருஷம் முன்னால் ஆடி அமாவாசைக்கு உவரி போனபோது டிஸ்க் காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அலை ஒதுக்கிவிட்ட கறுப்பு மணல் வரி இருக்குமே, அதன் மேல் கைக்குட்டையோடு வைத்தேன். முள்ளம்பன்றி மாதிரி கறுப்பு மணி குத்திட்டு நின்றது, அது பெரும்பாலும் இல்மனைட் என்கிற கறுப்புத் தாது. நடுவில் ரோஸ் நிறத்தில் கார்னெட் என்கிற இன்னொரு தாதுவும் கொஞ்சம் ஏறியது. ஒட்டாமல் கீழே தங்கிய மணலில் வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் மணி கிடந்தது. மோனசைட் அந்த மாதிரித்தான் இருக்கும். அதை எடுக்க ஆலைகளில் இன்னும் பலமான மின்காந்தம் வைத்திருக்கிறார்கள், கைக்காந்தத்துக்கு அது அசைவதில்லை. எந்த மணியிலிருந்து அந்தக் காந்தம் வருகிறதோ அந்த மணி அந்தக் காந்தத்துக்கே ஒட்டவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மணலை அங்கேயே உதறிவிட்டு வந்தேன்.

உதறிவிட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. கூடுதாழை, பெருமணல், கூத்தங்குழி என்று அந்தக் கடற்கரை ஊர்களில் யாரிடம் கேட்டாலும் மணல் அள்ளிய காலத்தைச் சொல்வார்கள். என் ஆச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் கடலை மறைக்கிற உயரத்துக்கு மணல்மேடு இருந்தது, நான் சின்னப்பையனாக அதில் சறுக்கியிருக்கிறேன், பிறகு ஒரு லீவுக்குப் போனபோது திண்ணையிலிருந்தே கடல் தெரிந்தது. 2013-ல் மாநில அரசு தாது மணல் அள்ளத் தடை போட்டது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், சட்டவிரோதமாகத் தாது மணல் அள்ளிய விவகாரத்தில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குமரி மாவட்டத்தில் கிள்ளியூர் பக்கம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் தோண்டுகிற திட்டம் வந்தபோது ஜனங்கள் ஏன் எதிர்த்து நின்றார்கள் என்று கட்டுரையாளருக்கு ஒரு வரி எழுத இடமில்லாமல் போனது எனக்கு வருத்தம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீச்சு உள்ள பொருள், அதனால்தான் அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கிளறுகிற மணலுக்குப் பக்கத்திலேயே வீடு வைத்திருக்கிறவர்களுக்குப் பயம் இருக்கும். அதை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை.

அதற்காக, காந்தம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2010-ல் ஜப்பானோடு மனத்தாங்கல் வந்தபோது சீனா அருமண் அனுப்புவதை நிறுத்தியது, அடுத்த வருஷம் விலை எங்கேயோ போனது. 2025 ஏப்ரலில் சமேரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் உரிமம் வாங்கித்தான் அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது, நம் ஊர் வண்டிக் கம்பெனிகள்வரை அது உறைத்தது. அதே வருஷம் நவம்பரில் மத்திய அமைச்சரவை, வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லது, செய்யட்டும். செய்வதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மணலை மட்டும் காட்டுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

நம் மாவட்டத்தில் டிஸ்க் எங்கே சாகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதி என் மேசையில்தான் சாகிறது. பலரும் கம்ப்யூட்டர் என்று நினைப்பார்கள், ஆனால் இப்போது அதிகம் வருவது சிசிடிவி பெட்டிகளிலிருந்து. ரத வீதி நகைக்கடை, ஜங்ஷன் லாட்ஜ், அல்வாக் கடை, அரிசி மண்டி, தெருமுனை மெடிக்கல் என்று எல்லா இடத்திலும் ஒரு டி.வி.ஆர், அதற்குள் ஒரு டிஸ்க், இருபத்துநாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில், காற்றே போகாத மர அலமாரியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அந்த அலமாரிக்குள் கை வைக்க முடியாது. மூணு நாலு வருஷத்தில் டக் டக் என்று சத்தம் வர ஆரம்பிக்கும், அப்புறம் கடைக்கு வரும். அடுத்தது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் தொடங்கி லட்சக்கணக்கில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, சுழலும் டிஸ்க் உள்ளவைதான், இன்று பாதி வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் இனி உதவாது என்று கண்டம் பண்ணிய கம்ப்யூட்டர்கள் மொத்தமாக ஏலத்தில் போகின்றன.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்த ராத்திரி. தண்ணீர் வடிந்த அடுத்த ரெண்டு வாரம் என் கடை வாசலில் சேறு அப்பிய சி.பி.யு. வரிசையாக நின்றது. எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள், ஹேர் டிரையரால் காயவைத்து ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது, தட்டின் மேல் படிந்த சேற்றுத் துகளில் தலை மோதியதும் எல்லாம் போய்விடும். ஸ்டுடியோ வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி நாலு டிஸ்க் கொண்டுவந்தார், பதினஞ்சு வருஷக் கல்யாணப் படங்கள். ஒன்றுதான் உயிர் பிழைத்தது. மற்ற மூன்றையும் மேசையில் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "இத நான் வீட்டுக்குக் கொண்டுபோனா தினமும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன், நீயே வச்சிக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்த மூன்றையும் திறந்து காந்தத்தை எடுத்து வைத்தேன். அதுதான் முதல். அதிலிருந்து எந்த டிஸ்க் செத்தாலும் காந்தத்தை எடுத்துத் தனியாகப் போட்டு வருகிறேன்.

அதற்கு முன்னால் என்ன செய்தேன் என்று கேட்டால், எல்லோரும் செய்வதைத்தான். பழைய இரும்புக் கடைக்குப் போட்டேன். பச்சை போர்டைத் தனியாகக் கழற்றினால் அதற்கு நல்ல விலை, தங்கம் இருக்கிறதல்லவா. அலுமினிய உடம்பு அலுமினிய விலைக்குப் போகும். தட்டும் அதோடு போகும். காந்தம் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருப்பதால் இரும்பு விலை. தனியாக எடுக்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவை காந்தத்தை மட்டும் ஒரு பையில் கொண்டுபோனேன், கடைக்காரர் தராசில் வைத்தார், பை தட்டோடு ஒட்டிக்கொண்டு முள் கண்டபடி நின்றது. "அண்ணாச்சி, இது எடையவே கெடுக்குது, இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, வேணும்னா சும்மா போட்டுட்டுப் போங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவரிடமிருந்து வாங்குகிறவர் கேட்பதைத்தான் அவர் தனியாகப் பிரிப்பார்.

அந்தக் குவியல் பெரிய ஊர்களில் நொறுக்கு இயந்திரத்துக்குப் போகிறது. இந்தக் காந்தம் பீங்கான் மாதிரி, தட்டினால் உடைந்து தூளாகும், தூள் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு இரும்புத் துண்டின் மேலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரும்போடு சேர்ந்து உலைக்குப் போகும், உருகும்போது நியோடிமியம் ஆக்சைடாகிக் கசடில் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் யாரும் எடுக்க முடியாது. பயன்பாட்டுக்கு வந்த அருமண்ணில் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-லேயே சொல்லியிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். என்னிடம் இன்றைய தேதிக்கு 386 காந்தம் இருக்கிறது, சுமார் இருநூறு டிஸ்க்கிலிருந்து எடுத்தது. இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து வளைத்தால் பசை விட்டுக் காந்தம் தனியே வந்துவிடும். மேசைக் கம்ப்யூட்டர், டி.வி.ஆர் டிஸ்க் என்றால் ஜோடி பத்துப் பதினஞ்சு கிராம், லேப்டாப் டிஸ்க் என்றால் ரெண்டு மூணு கிராம்தான். எல்லாம் சேர்ந்து ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் அருமண் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் தேறும். இதே அளவை மணலிலிருந்து எடுக்கச் சுமார் அஞ்சு கிலோ சுத்தமான மோனசைட் வேண்டும், அந்த அஞ்சு கிலோவுக்கு எவ்வளவு கடற்கரையைக் கிளற வேண்டும் என்பது வேறு, கூடவே சுமார் நானூறு கிராம் தோரியமும் வந்து நிற்கும், அதை வைக்க இடம் பார்க்க வேண்டும். என் பெட்டியில் இருப்பதில் தோரியம் இல்லை. ஒரு தெருமுனைக் கடையில், ஒரு ஆள், ரெண்டரை வருஷத்தில், வேலைக்கு நடுவே சேர்த்தது இது. பாளையங்கோட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் எல்லாம் சேர்த்து என்னை மாதிரி எத்தனை கடை இருக்கும், தென்காசி, அம்பை, வள்ளியூர், சங்கரன்கோவில் வரை போனால் எத்தனை இருக்கும்.

இது மொத்தத் தேவைக்குப் போதுமா என்றால் போதாது. 6,000 டன் எங்கே, என் ரெண்டு கிலோ எங்கே. மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாருக்கே கிலோக்கணக்கில் காந்தம் வேண்டும், சூட்டில் காந்தம் பலம் இழக்காமல் இருக்க அதில் டிஸ்ப்ரோசியமும் சேர்க்க வேண்டும், அது டிஸ்க் காந்தத்தில் குறைவு. நம் மோனசைட்டிலும் அது குறைவுதான் என்பதைக் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம், ஏனென்றால் கடற்கரையைத் தோண்டினால் எல்லாத் தட்டுப்பாடும் தீர்ந்துவிடும் என்கிற மாதிரி அவர் எழுதியது சரியில்லை. இன்னொன்றும் சொல்வார்கள், இனி எல்லாம் சிப்பிலேயே பதிகிற எஸ்.எஸ்.டி., அதில் காந்தமும் இல்லை சுழலும் தட்டும் இல்லை, ஹார்ட் டிஸ்க் காலம் முடிந்தது என்று. லேப்டாப்பில் முடிந்துவிட்டது, உண்மை. ஆனால் நாம் மேகத்தில், அதாவது இன்டர்நெட் கிளவுடில் போட்டு வைக்கிறோம் என்று சொல்கிற படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் தரவு மையங்களில் இன்னும் சுழல்கிற டிஸ்க்கில்தான் இருக்கின்றன, ஒரே விலைக்கு அதில்தான் அதிகம் பிடிக்கும். சிசிடிவியும் அதில்தான் ஓடுகிறது. அப்படியே நாளைக்கு எல்லாமே மாறினாலும், மாறுகிற அந்தச் சில வருஷத்தில்தான் பழைய டிஸ்க் மலைபோலக் குப்பைக்கு வரும். இப்போது விட்டால் பிறகு எடுக்கக் குப்பையிலும் இருக்காது.

வழி இல்லாமல் இல்லை. ஹிட்டாச்சி 2010-லேயே, டிஸ்க்கை உருளைக்குள் போட்டு உருட்டிக் குலுக்கிப் பிரித்துக் காந்தத்தை எடுக்கிற இயந்திரத்தை வெளியிட்டது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காந்தத்தைத் தானாகப் பொடியாய் உதிர வைக்கிறார்கள், அந்தப் பொடியை மறுபடி அழுத்திச் சுட்டால் புதுக் காந்தம். அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டலும் மைக்ரோசாஃப்ட்டும் வேறு ரெண்டு நிறுவனங்களோடு சேர்ந்து, தரவு மையங்களில் கழித்த டிஸ்க்குகள் 50,000 பவுண்டு எடை அளவுக்கு எடுத்து, அமிலம் இல்லாத முறையில் அருமண்ணைப் பிரித்ததாக 2025-ல் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வந்திருக்கிறது. பணம் இருக்கிறது, நுட்பமும் இருக்கிறது. இடையில் அறுந்து கிடப்பது என் மேசைக்கும் அந்த ஆலைக்கும் நடுவில் இருக்கிற கண்ணி.

அந்தக் கண்ணி ஏன் அறுந்தது என்பதற்கு ஒரு விதியையும் சொல்ல வேண்டும். 2022-ம் வருஷ மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மறுசுழற்சிச் சான்றிதழ்க் கணக்கில் சேர்த்த உலோகங்கள் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். பொருள் தயாரிக்கிற கம்பெனி, தான் விற்றதற்கு ஈடாக இவ்வளவு மறுசுழற்சி ஆனது என்று காட்ட, மறுசுழற்சிக்காரரிடம் அந்தச் சான்றிதழைத்தான் விலை கொடுத்து வாங்குகிறது. அதில் நியோடிமியம் இல்லையென்றால் மறுசுழற்சிக்காரருக்கு அது காசில்லை, அவருக்குக் காசில்லையென்றால் பழைய இரும்புக் கடைக்காரருக்குக் காசில்லை, அவர் என்னிடம் சும்மா போட்டுட்டுப் போங்க என்கிறார். டெல்லியில் ஒரு பட்டியலில் விடுபட்டது வண்ணார்பேட்டைத் தராசில் வந்து நிற்கிறது. நியோடிமியத்துக்கும் கணக்கு வையுங்கள், கிலோவுக்கு ஒரு நல்ல விலை சொல்லுங்கள், பிறகு பாருங்கள், ஒரு காந்தம் வீணாகாது. செம்புக் கம்பியை ரப்பர் உரித்து எடுக்கிற கைகள்தானே அவை, விலை இருந்தால் இதையும் எடுக்கும்.

ஊரளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. மாநகராட்சி 55 வார்டிலும் குப்பையைப் பிரித்து வாங்குகிறது. மாதம் ஒரு நாள் பழைய டிஸ்க் மட்டும் வாங்கலாம். ஜனங்கள் கொடுக்கப் பயப்படுவார்கள், உள்ளே குடும்பப் படம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறதே என்று, அந்தப் பயம் சரியானது. அதற்காக டிஸ்க் முழுசாகத் தர வேண்டியதில்லை, விஷயம் எல்லாம் தட்டில் இருக்கிறது, காந்தத்தில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. கண் முன்னாலேயே திறந்து, தட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, காந்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, வளைத்தால் சிதறும், துணியில் சுற்றி உடைக்கச் சொல்ல வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு அஞ்சு நிமிஷம் போதும். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் சொல்லிக்கொடுத்தால் செய்துவிடுவார்கள், சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். அரசு அலுவலகங்கள் கண்டம் பண்ணி ஏலம் விடுமுன் காந்தத்தைக் கழற்றி வைக்க ஒரு உத்தரவு போட்டால் அதுவே பெரிய குவியல்.

வீட்டில் நீங்களே கழற்றுகிறவர்கள் ரெண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சின்னப்பிள்ளைகள் கையில் காந்தமோ அதன் உடைந்த துண்டோ கிடைக்க விடாதீர்கள், ரெண்டு துண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அதை அறுக்கவோ ராவவோ கூடாது, தூள் தீப்பிடிக்கும். ஒவ்வொரு காந்தத்துக்கும் நடுவில் கனத்த அட்டைத் துண்டு வைத்து அடுக்குங்கள், இல்லையென்றால் பிரிக்க முடியாது.

உங்களிடம் நான் கேட்பது, கடற்கரைக்கு அனுப்பிய அதே நிருபரை ஒரு நாள் டவுன் பழைய இரும்புக் கடைகளுக்கும் அனுப்புங்கள். அந்தக் கட்டுரைக்குக் கொடுத்த அதே முழுப்பக்கத்தை அதற்கும் கொடுங்கள். என் 386 காந்தமும் ஒரு அல்வாக் கடை அட்டைப் பெட்டியில், மேசைக்கு அடியில் இருக்கின்றன. எடுத்து உருப்படியாகப் பயன்படுத்துகிற அரசு நிறுவனமோ கல்லூரியோ யார் வந்தாலும் அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிடுவேன். மேல் வரிசையில் முதல் ஆறும் ஸ்டுடியோ அண்ணாச்சியுடையது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.